செஸ் கற்றால் கணக்கு வருமா? வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் செஸ் வகுப்பு நடத்துபவர்கள் பெற்றோரிடம் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "செஸ் விளையாடினா கணக்கு தானா வந்துடும் மேடம்." 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்து, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை ஊர்ச் சுவரெல்லாம் ஏறியதிலிருந்து இந்தப் பேச்சு கூடிவிட்டது. 2024 டிசம்பரில் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்துக்காக எங்கள் வீட்டிலிருந்து போன பணம் சுமார் 71,000 ரூபாய். கணவர் வெளிநாட்டில் வேலை, விசாரித்துச் சொல்ல ஆளில்லை. நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள்தான், ஆனால் குதிரை எப்படித் தாண்டும் என்பதுகூட அப்போது தெரியாது. கணக்குத் தெரிந்தவர்களுக்குச் செஸ் தெரிவதில்லை, செஸ் தெரிந்தவர்களுக்குக் கணக்கில் அக்கறை இல்லை. இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது. அதனால் பணம் எங்கே போனது, கணக்கு உண்மையில் பலகையில் எங்கே இருக்கிறது, இரண்டையும் விவரமாக எழுதுகிறேன்.

மகன் ஏழாம் வகுப்பு. கணக்கில் 35, 40 என்று நின்றுகொண்டிருந்தான். புதுச்சேரியில் ஒரு பயிற்சி வகுப்பு, சனி ஞாயிறு இரண்டு மணி நேரம். மாதம் 3,000, ஆனால் வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 30,000 என்றார்கள். பலகை, காய்கள், டிஜிட்டல் கடிகாரம் சேர்ந்து 4,500. அவர்கள் பெயர் போட்ட டி-ஷர்ட் 600. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி, அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடிப் படியில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். பஸ், சாப்பாடு என்று வருடத்தில் அது ஒரு 8,000. மீதி 28,000 டோர்னமென்ட்டுகளில் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கேயே சில விஷயங்கள். வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் மாதாமாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டுங்கள். எங்களுக்கு ஐந்தாவது மாதத்தில் கோச் மாறினார், ஏழாவது மாதத்தில் "இனிமே ஆன்லைன்தான்" என்று செய்தி வந்தது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. அப்படி அச்சடித்துவிட்டால் சட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வகுப்பு புதுச்சேரியில் இருந்தாலும் கடலூரில் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. நான் எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பியதற்கே 12,000 திரும்பி வந்தது. வாயால் சண்டை போட்டபோது ஒரு பைசா வரவில்லை. ரசீது, கட்டண விவரம் வந்த வாட்ஸப் செய்தி, வகுப்பு நேர அட்டவணை இந்த மூன்றையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். பலகையை வெளியே வாங்குங்கள். டோர்னமென்ட் அளவு என்பது ராஜாவின் உயரம் 9.5 சென்டிமீட்டர், கட்டம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சுருட்டி வைக்கிற வினைல் பலகையும் பிளாஸ்டிக் காயும் போதும். கடிகாரம் முதல் ஆறு மாதத்துக்குத் தேவையே இல்லை, போனில் இலவசமாகவே செயலி இருக்கிறது.

முழுப் பரீட்சையில் அவனுக்கு 41 வந்தது. அத்தை ஒன்றும் திட்டவில்லை, "அந்தக் காசைக் கணக்கு டியூஷனுக்கே போட்டிருக்கலாம்ல" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். பதில் சொல்லத் தெரியாத கோபம் இரண்டு நாள் இருந்தது. அதற்கப்புறம்தான் இந்த வாக்கியத்துக்கு ஆதாரம் என்ன என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தது இது. பிரிட்டனில் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 100 பள்ளிகள், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள், ஒரு பகுதிப் பள்ளிகளுக்கு மட்டும் 30 மணி நேரச் செஸ் வகுப்பு. ஒரு வருடம் கழித்துக் கணக்குத் தேர்வில் பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதே வருடம் சாலா, கோபே என்ற இரு ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கணக்கில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை செஸ் கற்ற பிள்ளைகளைச் சும்மா இருந்த பிள்ளைகளோடுதான் ஒப்பிட்டிருந்தன. வேறு ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்ட பிள்ளைகளோடு ஒப்பிடவில்லை. புதுசாக எதைச் செய்தாலும் வரும் உற்சாகத்தையும் செஸ்ஸின் பலனையும் எப்படிப் பிரிப்பது? டென்மார்க்கில் ஓர் ஆய்வில் சின்ன முன்னேற்றம் கிடைத்தது. அங்கே வாரத்துக்கு நான்கு கணக்கு வகுப்பில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் செஸ்ஸை வைத்தே கணக்குப் பாடம் நடத்தினார்கள். எனக்கு வழி காட்டியது அதுதான்.

ஏன் தானாக வராது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1973-இல் சேஸ், சைமன் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்தில் வரும் நிலை ஒன்றைச் சில நொடிகள் காட்டிவிட்டு மறைத்தால், மாஸ்டர் ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாகத் திரும்ப அடுக்கிவிடுவார், புதியவரால் நாலைந்துக்கு மேல் முடியாது. காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டினால் மாஸ்டரும் கிட்டத்தட்டப் புதியவர் போலத்தான். அதாவது வருடக்கணக்கில் ஆடிச் சேர்வது செஸ் வடிவங்களின் ஞாபகம். அது பின்னத்தைக் கூட்ட உதவாது. உலக சாம்பியன் ஆன குகேஷே நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. மறுபக்கம், 1894 முதல் 1921 வரை 27 வருடம் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர் உண்மையிலேயே கணிதவியலாளர், இன்றைக்கும் இயற்கணிதத்தில் லாஸ்கர்-நோயெதர் தேற்றம் பாடமாக இருக்கிறது. 1935-இல் பட்டம் வென்ற மாக்ஸ் எய்வே கணக்கு வாத்தியார். இருவரும் கணக்கைத் தனியாக உட்கார்ந்து படித்தவர்கள், வகுப்பு நடத்துபவர்கள் சுவரில் இவர்கள் படத்தை ஒட்டும்போது அதைச் சொல்வதில்லை.

சரி, பலகையில் கணக்கு இல்லையா என்றால், ஏராளமாக இருக்கிறது. ஆனால் அதை நாம் கையால் வெளியே எடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எடுத்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் கட்டத்தின் நிறம். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று போகும் நெடுவரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள், கீழிருந்து மேலே போகும் வரிசைகளுக்கு ஏற்கெனவே எண் உண்டு. ஜி5 என்றால் 7, 5, கூட்டினால் 12, இரட்டை, கறுப்புக் கட்டம். எச்1 என்றால் 8, 1, கூட்டினால் 9, ஒற்றை, வெள்ளைக் கட்டம். பலகையைப் பார்க்காமல் சொல்லப் பழக்குங்கள். இது விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் இதிலிருந்துதான் எல்லாம் கிளம்புகிறது. குதிரை ஒரு பக்கம் இரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று நகரும். அப்படியானால் அந்தக் கூட்டுத்தொகை ஒவ்வொரு தாவலிலும் 3 அல்லது 1 மாறும், இரண்டும் ஒற்றை எண். ஆகவே குதிரை ஒவ்வொரு முறையும் நிறம் மாறியே தீரும். இப்போது கேளுங்கள்: ஏ1-இல் நிற்கும் குதிரை எச்8-க்குப் போக குறைந்தது எத்தனை தாவல்? பக்கவாட்டில் 7, மேலே 7, மொத்தம் 14. ஒரு தாவலில் 3-க்கு மேல் நகராது, அதனால் 4 தாவலில் 12 தான் ஆகும், 5 வேண்டும். ஆனால் இரண்டு மூலையும் கறுப்பு, ஒரே நிறத்துக்கு வர இரட்டைப்படைத் தாவல்தான் முடியும். ஆகவே 6. பையன் முதலில் பலகையில் வைத்து 5-இல் முடித்துவிடலாம் என்று முட்டிக்கொண்டிருந்தான். காரணம் புரிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். முடியாது என்பதை ஆடிப் பார்க்காமலே நிரூபிக்கலாம் என்பது பள்ளிக் கணக்கு அவனுக்குக் காட்டாத விஷயம்.

இதே ஒற்றை இரட்டை, ஆட்டத்தில் அரைப் புள்ளியைக் காப்பாற்றும். வெள்ளை ராஜா ஏ8-இல், வெள்ளைச் சிப்பாய் ஏ7-இல், ஒரு வெள்ளைக் குதிரை எங்கோ தூரத்தில். கறுப்பிடம் ராஜா மட்டும், அது சி7, சி8 என்று மாறி மாறி நகர்ந்து வெள்ளை ராஜாவை மூலையிலேயே அடைத்து வைத்திருக்கிறது. ராஜா ஏ8-ஐ விட்டு நகர்ந்தால்தான் சிப்பாய் அங்கே போய் ராணியாக முடியும். குதிரை வந்து விரட்டிவிடும் என்று தோன்றும். கறுப்பு ராஜா நகர்ந்து போய் நிற்கும் கட்டமும் அப்போது குதிரை நிற்கும் கட்டமும் ஒரே நிறம் என்றால் ஆட்டம் டிரா, வெள்ளை தலைகீழாக நின்றாலும் ஜெயிக்க முடியாது. வேறு நிறம் என்றால் வெள்ளைக்கு வெற்றி. ஏனென்றால் விரட்ட வேண்டுமானால், கறுப்பு ராஜா சி8-இல் இருக்கும்போது குதிரை சி7-ஐத் தாக்க வேண்டும், அதுவும் கறுப்பின் முறையில். சி7 கறுப்புக் கட்டம், அதைத் தாக்கும் குதிரை வெள்ளைக் கட்டத்தில்தான் இருக்க முடியும், சி8-உம் வெள்ளை. ஆகவே கறுப்பின் முறை வரும்போது ராஜாவும் குதிரையும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒவ்வொரு நகர்த்தலிலும் நிறம் மாறுவதால் இந்தப் பொருத்தம் ஆரம்பத்தில் இல்லாவிட்டால் கடைசிவரை வராது. குதிரையால் ஒரு முறையை வீணடிக்க முடியாது, நேராகப் போகும் யானையாலோ மூலைவிட்டமாகப் போகும் பிஷப்பாலோ முடியும். வகுப்பில் சேர்க்கும் முன் கோச்சிடம் இதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். விதியைச் சொல்வார்கள். "ஏன் சார்?" என்று கேட்டதும் நிறத்தைக் காட்டி விளக்குகிறாரா, "அது அப்படித்தான் மேடம்" என்கிறாரா என்பதில் அந்த வகுப்பில் கணக்கு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து குதிரைப் பாதை. எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு முறை மிதித்து முடிக்க வேண்டும். நேரே 64 கட்டத்தில் இறங்காதீர்கள், பிள்ளை வெறுத்துப்போகும். கோடு போட்ட நோட்டில் 5-க்கு 5 கட்டம் வரைந்து 1, 2, 3 என்று எண் எழுதச் சொல்லுங்கள். முதலில் 18, 20 வரை வந்து மாட்டிக்கொள்வார்கள். 1823-இல் வார்ன்ஸ்டார்ஃப் சொன்ன வழி இது: அடுத்துப் போகக்கூடிய கட்டங்களில் எதிலிருந்து வெளியேற வழி மிகக் குறைவோ, அதற்கே முதலில் போ. மூலையிலிருந்து ஆரம்பித்து இப்படிப் போனால் பெரும்பாலும் முடிந்துவிடும். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிற முழுச் சுற்று மட்டும் 5-க்கு 5-இல் எவராலும் முடியாது. 25 கட்டத்தில் ஒரு நிறம் 13, இன்னொன்று 12. நிறம் மாறி மாறிப் போய்க் கிளம்பிய இடத்துக்கே வர இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இதே காரணத்தால் 12 உள்ள நிறத்தில் ஆரம்பித்தால் சாதாரணப் பாதையும் முடியாது. பிள்ளை நடுவில் திணறினால் முதலில் எந்தக் கட்டத்தில் 1 எழுதினான் என்று பாருங்கள்.

கணிதவியலாளர் ஆய்லர் 1759-இல் இந்தக் குதிரைப் பாதையை ஆராய்ந்தார் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். கடலூர்க்காரர்களுக்கு அதைவிடப் பக்கத்திலேயே ஒரு சங்கதி உண்டு. கெடிலக் கரையில் திருவஹீந்திரபுரத்தில் பல காலம் வாழ்ந்தவர் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர். பரீட்சை சமயத்தில் பேனாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு நாம் படியேறிப் போகிற ஹயக்ரீவர் மலை அவர் தவம் செய்த இடமாகச் சொல்லப்படுகிறது. அவருடைய பாதுகா சஹஸ்ரத்தில் சித்திரகவிப் பகுதியில் ஒரு சுலோகத்தின் 32 எழுத்துகளை 4-க்கு 8 கட்டத்தில் எழுதி, குதிரை தாவும் வரிசையில் படித்தால் அடுத்த சுலோகம் வரும். ஆய்லருக்கு நானூறு வருடம் முன்பு. அதற்கும் முன்பே ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ருத்ரடர் இதே வித்தையைச் செய்திருக்கிறார். கவனிக்க வேண்டியது, 4-க்கு 8 பலகையில் முழுச் சுற்று கிடையாது, திறந்த பாதை மட்டும்தான் உண்டு. இங்கே நிறம் இரண்டும் 16, 16 என்று சமம்தான், ஆனாலும் முடியாது. நிறக் கணக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் போதாது என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சராசரி என்ற பாடத்துக்குக் காய்களின் வீச்சு. காலிப் பலகையில் யானை எங்கே நின்றாலும் 14 கட்டம் போகும். குதிரை மூலையில் 2, நடுவில் 8. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்: 2 வழி உள்ள கட்டங்கள் 4, மூன்று வழி 8, நான்கு வழி 20, ஆறு வழி 16, எட்டு வழி 16. பெருக்கிக் கூட்டினால் 336, அதை 64-ஆல் வகுத்தால் 5.25. பிஷப்புக்கு இதேபோல் 560, வகுத்தால் 8.75. ராணி என்பது யானையும் பிஷப்பும் சேர்ந்தது, 22.75. நான்கையும் 1.75-ஆல் வகுத்தால் 3, 5, 8, 13 என்று வருகிறது, ஃபிபனாச்சி எண்கள்! தற்செயல்தான், அதற்கு மேல் அதில் தத்துவம் தேட வேண்டாம். ஆனால் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. வீச்சில் பிஷப் குதிரையைவிட இவ்வளவு பெரியது என்றால், ஆட்டத்தில் ஏன் இரண்டுக்கும் 3 புள்ளி? பிஷப் ஆயுள் முழுக்க ஒரே நிறத்து 32 கட்டத்தில்தான் சுற்றும், குதிரை 64-க்கும் போகும், தடுப்புக் காயையும் தாண்டும். சராசரி ஒரு எண்ணைக் கொடுக்கும், அந்த எண் எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கப் பழகுவதுதான் புள்ளியியல்.

ராஜாவின் தூரம் இன்னொரு நல்ல பாடம். ராஜாவுக்கு மூலைவிட்டமும் நேர்க்கோடும் ஒரே நீளம். பக்கவாட்டு வித்தியாசம், மேல்கீழ் வித்தியாசம் இரண்டில் எது பெரியதோ அதுவே தூரம். பிதாகரஸ் இங்கே செல்லாது. ஏ4-இல் உள்ள வெள்ளைச் சிப்பாய் ராணியாக 4 நகர்த்தல் வேண்டும், ஆகவே ஏ4, ஏ8, ஈ8, ஈ4 என்ற சதுரம் வரையுங்கள். கறுப்பு ராஜா தன் முறையில் அந்தச் சதுரத்துக்குள் கால் வைக்க முடிந்தால் பிடித்துவிடும், இல்லாவிட்டால் முடியாது. சிப்பாய் இரண்டாம் வரிசையில் இருந்தால் ஒரே நகர்த்தலில் இரண்டு கட்டம் போகலாம் என்பதால் மூன்றாம் வரிசையில் இருப்பதாக எண்ணிச் சதுரம் போட வேண்டும். பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். 1921-இல் ரிச்சர்ட் ரேட்டி என்ற செஸ் வீரர் அமைத்த புகழ்பெற்ற புதிரில் எச்8-இல் உள்ள வெள்ளை ராஜா மூலைவிட்டமாக இறங்கி, எதிரியின் சிப்பாயைத் துரத்துவதும் தன் சிப்பாயை நோக்கிப் போவதும் ஒரே நடையில் செய்து டிரா ஆக்கிவிடும். கூடவே எண்ணவும் வைக்கலாம். ஈ1-இலிருந்து ஈ8-க்கு ராஜா 7 நகர்த்தலில் எத்தனை வழியில் போகலாம்? ஈ1-இல் 1 எழுதுங்கள். மேலே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் அதற்குக் கீழே தொடுகிற மூன்று கட்டங்களின் கூட்டுத்தொகையை எழுதிக்கொண்டே போங்கள். இரண்டாம் வரிசை 1, 1, 1. மூன்றாம் வரிசை 1, 2, 3, 2, 1. நான்காம் வரிசை 1, 3, 6, 7, 6, 3, 1. ஈ நெடுவரிசையில் மட்டும் பார்த்தால் 1, 1, 3, 7, 19, 51, 141 என்று ஏறி ஈ8-இல் 393 வரும். வராவிட்டால் ஐந்தாம் வரிசையில் தப்பு இருக்கும், அங்கே வலது ஓரத்தில் பலகை முடிந்துவிடுவதை மறந்து ஒரு கட்டம் தள்ளி எழுதியிருப்பார்கள். கூட்டல் மட்டும் தெரிந்தால் போதும். பதினோராம் வகுப்பில் சேர்மானம் வரும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இப்போது டோர்னமென்ட். பணம் கரைகிற இடம் இது, நல்ல கணக்கு இருக்கிற இடமும் இதுவே. நுழைவுக் கட்டணம் எங்களுக்கு 1,500 முதல் 2,500 வரை ஆனது. வெளியூர் என்றால் ரூம் வாடகை, சாப்பாடு சேர்ந்து மூன்று மடங்கு. ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) தரும் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண், வர வேண்டுமானால் ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஆட்டக்காரர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். ரேட்டிங் இல்லாதவரோடு ஆடி ஜெயித்தாலும் அது கணக்கில் சேராது. முதல் போட்டியிலேயே எல்லாம் தோற்றுப் பூஜ்யம் என்றால் அதுவும் சேராது. இதைச் சொல்லாமல் எங்களைச் சின்னப் பிள்ளைகள் மட்டும் ஆடும் போட்டிகளுக்கே அனுப்பினார்கள், எதிரில் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ரேட்டிங் இல்லை. பையன் கோப்பை வாங்கினான், அப்போது ரேட்டிங் வரவில்லை. கட்டணம் கட்டும் முன் பதிவு செய்தவர்கள் பட்டியலை இணையத்தில் பாருங்கள், எத்தனை பேருக்கு ரேட்டிங் இருக்கிறது என்று எண்ணுங்கள். 2024 மார்ச்சிலிருந்து ரேட்டிங்கின் கீழ்எல்லை 1400. அதற்குக் கீழே போனால் பட்டியலில் ரேட்டிங் இல்லாதவராகிவிடுவார்கள். பதிவு விஷயத்தில் இன்னொன்று, கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி தனி. வகுப்பு எங்கே நடந்தாலும் பிள்ளையின் பதிவு எந்த மாநிலத்தில் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், மாநிலத் தேர்வுப் போட்டிகளுக்கு அதுதான் அடிப்படை.

ரேட்டிங் வந்த பிறகு வீட்டிலேயே கணக்குப் போடலாம். பிள்ளைக்கு 1450, எதிராளிக்கு 1550. நூறு புள்ளி வித்தியாசத்துக்கு ஃபிடே அட்டவணைப்படி பிள்ளையிடம் எதிர்பார்ப்பது 0.36, எதிராளியிடம் 0.64. அதாவது நூறு ஆட்டம் ஆடினால் 36 புள்ளி எடுப்பான் என்ற ஊகம். 18 வயதுக்குள், 2300-க்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெருக்கும் எண் 40. ஜெயித்தால் 1-இலிருந்து 0.36 கழித்து 40-ஆல் பெருக்க, 25.6 கூடும். டிரா என்றால் 0.14 பெருக்கல் 40, 5.6 கூடும். தோற்றால் 14.4 குறையும். எதிராளி முப்பது ஆட்டத்துக்கு மேல் ஆடிய பெரியவர் என்றால் அவருக்குப் பெருக்கும் எண் 20, அவர் இழப்பது 12.8 மட்டும். 400 புள்ளி அதிகம் உள்ளவரோடு ஆடித் தோற்றால் போவது 3.2, ஜெயித்தால் வருவது 36.8. "பெரிய பிளேயர் வந்துட்டார்மா" என்று அழுத பிள்ளையிடம் இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டியபோது அழுகை நின்றது. தசமம், குறை எண், சதவீதம், எதிர்பார்ப்பு எல்லாம் இதில் வந்துவிடுகிறது, ஏழாம் வகுப்புப் பாடத்தில் அவன் மார்க்கைத் தின்றதும் முதல் மூன்றும்தான். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் அவனே கூட்டிக் கழித்து எழுதி, கடைசியில் ஃபிடே போடும் எண்ணோடு சரிபார்ப்பான். புள்ளி சமமாக நின்றால் புக்கோல்ட்ஸ் என்று ஒன்று பார்ப்பார்கள், நாம் ஆடிய எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. ஆகவே நம்மிடம் தோற்ற எதிராளி பிறகு நன்றாக ஆடினால் நமக்கும் நல்லது. பிள்ளையின் பையில் போன் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆட்ட அரங்கில் போன் வைத்திருந்தாலே அந்த ஆட்டம் போய்விடும்.

இப்போது அவன் செஸ் ஆடுவது வீட்டுக்குப் பக்கத்தில், மாதக் கட்டணத்தில். கணக்குக்குத் தனி டியூஷன் உண்டு. வாரத்தில் ஒரு மாலை மட்டும் பலகையை வைத்து மேலே சொன்ன மாதிரி ஒரு கேள்வி, அரை மணி நேரம், அதற்கு மேல் இழுத்தால் சலித்துவிடும். அரையாண்டில் 58 வந்திருக்கிறது, அதில் டியூஷனுக்கு எவ்வளவு, பலகைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் தயாரில்லை. இயற்கணிதமும் பின்னமும் பலகையில் கிடைக்காது, அதற்கு நோட்டில் பயிற்சிதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆரம்பிக்க வேண்டுமானால் பலகையில் மொத்தம் எத்தனை சதுரம் என்று கேளுங்கள். 64 என்பார்கள். 2-க்கு 2 சதுரங்கள் 49, 3-க்கு 3 என்றால் 36 என்று போய், எல்லாம் கூட்டினால் 204. செவ்வகங்கள் 1,296. ஏன் 36-இன் வர்க்கம் என்பதை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒன்பது கோட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள்.